ரோதைமுனியும் நான் கொண்டுவராத கருஞ்சிறுத்தையும்

ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கியதும் முதல் வேலையாகச் சாமான்களைச் சரிபார்த்தேன். பஞ்சு ஒரு மூட்டை, கோணிச் சாக்கு ஒரு கட்டு, மூன்று தடிப்பில் கம்பிச் சுருள், சுத்தியல், ஒரு பெட்டி ஆணி, ஒரு டின் அந்துருண்டை. எல்லாம் இருந்தன. கம்பளிச் சட்டை மட்டும் இல்லை. 'மறக்காமல் கம்பளிச் சட்டை' என்று எழுதிய சீட்டைப் பத்திரமாகக் கொண்டு வந்திருந்தேன். சட்டை திருச்சியில் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

திருச்சியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் காட்சிசாலை என் பொறுப்பில் இருக்கிறது. லிந்துலைப் பக்கம் தேயிலைத் தோட்டம் ஒன்றை நிர்வகித்து வந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் எங்கள் பிரின்சிபாலுக்குப் பழக்கம். அவர் இலங்கையை விட்டுப் புறப்படும்போது, தான் சுட்டுப் பாடம் செய்து வைத்திருந்த மிருகங்களையெல்லாம் எங்கள் கல்லூரிக்குத் தந்துவிட்டுக் கப்பலேறிவிட்டார். கரடி, பன்றி, மான், பறவைகள் என்று பல உண்டு. பிரின்சிபாலுக்கு அவற்றில் ஒன்றின் மேல்தான் கண். "கருஞ்சிறுத்தை இல்லாமல் திரும்பி வராதீர்" என்று சொல்லி அனுப்பினார். தென்னிந்தியாவில் எந்தக் கல்லூரியிலும் கருஞ்சிறுத்தை கிடையாது என்பது அவருடைய கணக்கு.

லிந்துலை பஸ்ஸில் எனக்குத் தாராளமாக இடம் கிடைத்தது. என்னைச் சுற்றி இரண்டு வரிசை காலி. அந்துருண்டை வாசனையின் உபயம். சிங்களக் கண்டக்டர் மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்து, அரைகுறைத் தமிழில், ஐயா ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவரா என்று விசாரித்தார். செத்த மிருகங்களுக்கு வைத்தியம் பார்ப்பவன் என்று விளக்கியிருக்கலாம். அதைச் சொல்லும் அளவுக்குச் சிங்களம் தெரியாததால் தலையை மட்டும் ஆட்டினேன். அதற்குப் பிறகு மூன்றாவது வரிசையும் காலியானது.

ஒரு பெரியவர் மட்டும் வாசனையைப் பொருட்படுத்தாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஐயாவுக்கு இந்தியாவுல எந்தப் பக்கம்?"

"திருச்சி."

"அட! எங்களுக்குத் துறையூருங்க. இப்ப அங்க மழை தண்ணி எப்பிடி?"

துறையூரில் இந்த வருஷம் மழை குறைவு, ஏரி பாதிதான் நிறைந்தது என்று எனக்குத் தெரிந்ததைச் சரியாகச் சொன்னேன். சொந்த வயல் காய்ந்தது போல் உச்சுக் கொட்டினார். கடைசியாக எப்போது போய் வந்தீர்கள் என்று கேட்டேன்.

"நான் எங்கங்க போனேன்? எங்க தாத்தா விட்டுட்டு வந்த ஊரு. நான் பொறந்தது இந்தத் தோட்டத்து லய வீட்டுலதான். இங்க என்னை இந்தியாக்காரன்ங்கிறான். அங்க போனா சிலோன்காரன்ம்பான். அதான் பேசாம பஸ்ஸுல ஒக்காந்திருக்கேன். இங்க டிக்கெட் மட்டும்தான் கேப்பான்."

ஒரு ஏற்றத்தில் பஸ் நின்றது. நின்றதோடு மெல்லப் பின்னாலும் நகர்ந்தது. எல்லோரும் இறங்கினோம். சக்கரத்துக்குக் கீழே வைக்கக் கல் தேடிய கண்டக்டர் கல்லைக் காணாமல் என் ஆணிப்பெட்டியை எடுத்து வைத்தார். பஸ் நின்றுவிட்டது. பெட்டி நிற்கவில்லை. ரோட்டில் சிதறிய ஆணிகளைப் பயணிகள் எல்லோரும் குனிந்து பொறுக்கிக் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் ஒரு கூட்டம் ஆணி பொறுக்கினால் திரும்பி வருவது பாதிதான். இங்கே கொண்டு போனதைவிட ஒன்று கூடுதலாக வந்தது. துருப்பிடித்த லாட ஆணி. அதையும் மறுக்காமல் பெட்டியில் போட்டுக்கொண்டேன்.

தோட்டத்து முச்சந்தியில் எனக்காகக் காத்திருந்தவர் அருளப்பன். தேயிலைத் தொழிற்சாலையில் கிளார்க். நாற்பது வயது இருக்கும். விரல் நுனிகளில் மசியும் சாயமும் ஊறிப்போயிருந்தன. என்னைக் கண்டதும் மருத்துவச்சியை எதிர்பார்த்து நின்றவன் வாசலில் போலீஸ்காரரைக் கண்டதுபோல் ஆனார்.

"அடுத்த வாரம் வருவீங்கன்னுல்ல இருந்தேன்!"

"இந்த வாரம் என்றுதான் தந்தி கொடுத்தேன்."

"கொடுத்தீங்க. நான்தான் அடுத்த வாரம்னு நெனச்சிக்கிட்டேன்" என்றார். மனிதர் பொய் சொல்லத் தெரியாதவர் என்பது அப்போதே தெரிந்துபோயிற்று.

அவருடைய குவார்ட்டர்ஸிலேயே தங்க ஏற்பாடாகியிருந்தது. அவர் மனைவி பிலோமினா தன் கம்பளி ஒன்றை எனக்குப் போர்த்தக் கொடுத்துவிட்டு, ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வைத்தார். நான் சைவம் என்றேன். "தெரியுங்க. மீனே சேர்க்கல. மாசி மட்டும் கொஞ்சம் இடிச்சுப் போட்டேன்" என்றார். மாசி என்பது கருவாடு. காய்ந்து விறகுபோல் ஆன மீன். இந்த நாட்டில் அதை மீன் கணக்கில் எவரும் சேர்ப்பதில்லை என்று பிறகு புரிந்தது. அன்றிலிருந்து எனக்கு ரொட்டியும் சீனியும்தான். தேநீரும் அப்படியே: கறுப்பாக, பாலில்லாமல், உள்ளங்கையில் கொஞ்சம் சீனி. நக்கி நக்கிக் குடிக்கவேண்டும். உலகமெல்லாம் குடிக்கிற தேயிலை விளையும் மலையில் நின்றுகொண்டு, திருச்சி ரயிலடித் தேநீரே தேவலை என்று நினைத்தேன். நல்ல தூளெல்லாம் பெட்டியில் ஏறிக் கப்பலுக்குப் போகிறது. பெருக்கி அள்ளியதுதான் இவர்களுக்கு.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அருளப்பன் என்னைத் தொழிற்சாலைக்கு அழைத்துப் போனார். தோட்டத்து ஜனங்கள் அதை 'ஸ்டோரு' என்கிறார்கள். புதிதாக வந்த துரைக்குப் பாடம் செய்த மிருகங்களின் வாடை ஒத்துக்கொள்ளவில்லையாம். பங்களாவிலிருந்து எல்லாவற்றையும் ஸ்டோருக்குப் பின்னாலுள்ள கொட்டகைக்கு அனுப்பி, "இடத்தைக் காலி பண்ணு, என்னமோ செய்" என்று அருளப்பனிடம் சொல்லிவிட்டாராம். அருளப்பன் என்னமோ செய்துவிட்டார்.

கொட்டகைக் கதவைத் திறந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது தலையில்லாத ஒரு கருஞ்சிறுத்தை. பீடத்தின் மேல் நாலு காலில் நின்றுகொண்டிருந்தது.

"தலை எங்கே?" என்றேன்.

அருளப்பன் கையை நீட்டினார்.

கொட்டகையின் கோடியில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சக்கரம் நின்றது. தேயிலை உருட்டும் பழைய இயந்திரத்திலிருந்து கழற்றிப் போட்டது. அதன் நடு அச்சிலிருந்து கருஞ்சிறுத்தையின் தலை வாயைப் பிளந்து வெளியே பாய்ந்தது. ஆரக்கால்களின் நுனியில் கடமான் கொம்புகள். வட்டம் முழுக்க முள்ளம்பன்றியின் முட்கள் கதிர்களைப் போல் விரிந்திருந்தன. அடியில் கரடியின் இரண்டு முன்னங்கைகள். துரை ஒவ்வொரு மிருகத்தின் கீழும் ஒட்டியிருந்த சுட்ட இடம், சுட்டவர் பெயர் எழுதிய சீட்டுகளை அருளப்பன் பிரித்தெடுத்து, சக்கரத்தைச் சுற்றி மாலையாகக் கோத்திருந்தார்.

"வெட்டிவிட்டீரா?"

"வெட்டலைங்க. தையலைப் பிரிச்சேன். திரும்பத் தைச்சிரலாம்."

"என்ன இது?"

"'சேகரிப்பு'ன்னு பேரு வச்சிருக்கேன். தொரை மிருகத்தைச் சேத்தாரு. இந்தச் சக்கரம் இருக்கே, இது சுத்திச் சுத்தி விரலா சேத்துச்சு. இந்த ஸ்டோருல முழுசா பத்து விரலோட ஓய்வு வாங்கினவன் கொறச்சல். யாரு பெரிய வேட்டைக்காரன்னு பாக்கறவங்க முடிவு பண்ணட்டும்."

காட்சிசாலைக்காரனாகக் கோபப்பட வேண்டிய இடம். கோபப்படவும் செய்தேன். ஆனாலும் அந்தத் தலையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. வாழ்நாளெல்லாம் மிருகங்களைக் கண்ணாடிக்குள் சாதுவாக நிறுத்தி வைத்தவன் நான். இது என் மேல் பாய வந்தது.

அருளப்பன் விஷயத்தைச் சொன்னார். கொழும்பில் நவீன ஓவிய சிற்பக் கண்காட்சி ஒன்று நடக்கப் போகிறது. வருஷா வருஷம் இவர் படம் வரைந்து அனுப்புவார். வருஷா வருஷம் அது திரும்பி வரும். இந்தத் தடவை சிற்பத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, தேர்வுக் குழுவிலிருந்து ஒரு சிங்களப் பெண்மணி ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வருகிறார்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் தலையில கை வைக்காதீங்க ஐயா. அவங்க ஒரு தரம் பாத்துட்டாப் போதும். நான் கிளாக்கராவே சாகறதா இல்லையான்னு அன்னைக்குத் தெரிஞ்சுபோகும்."

எப்படியும் மற்றவற்றைக் கட்ட எனக்கு இரண்டு நாள் வேண்டும். ஞாயிறு வரை பொறுப்பதாக ஒப்புக்கொண்டேன்.

அன்று பிற்பகல் கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் கொட்டகை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் ராக்கம்மா என்பவர் எதையும் உரக்கச் சொல்கிறவர். வெகு நேரம் பார்த்தார். பிறகு கூடையை இறக்கி வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அருளப்பன் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், ஆனால் அர்த்தம் புரியவில்லை.

சனிக்கிழமை காலையில் புரிந்தது. கருஞ்சிறுத்தையின் நெற்றியில் குங்குமம். கொம்புகளில் செம்பருத்தி மாலை. கரடியின் வலது கையில் ஒரு சுருட்டு, இடது கையில் ஓர் எலுமிச்சம்பழம்.

அருளப்பன் சாமி வந்தவர்போல் குதித்தார். எல்லாவற்றையும் பிடுங்கித் துடைத்துக்கொண்டிருக்கும்போதே பூசாரி மாரிமுத்து வந்து சேர்ந்தார். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர், தோட்டத்துக் கோயில் பூசையும் அவரே.

"கிளாக்கரையா, தொடைக்கிறதுதான் தொடைக்கிறீங்க, நல்ல துணியா எடுத்துத் தொடைங்க."

"பூசாரி, இது சாமி இல்ல! சிற்பம்! நவீன சிற்பம்!"

"சரிங்க."

"நான் மாதா கோயிலுக்குப் போறவன்!"

"அவருக்கு அந்தப் பேதமெல்லாம் இல்லீங்க."

பூசாரி எனக்கு விளக்கினார். ரோதை என்றால் இங்கே சக்கரம். ஸ்டோரில் ஓடும் பெரிய சக்கரத்தில் குடியிருக்கிறவர் ரோதைமுனி. அவருக்குப் படைக்காமல் இயந்திரம் ஓட்டினால் கை கால் தப்பாது. பழைய இயந்திரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது வைத்தார்கள். புதிதிலோ சக்கரமெல்லாம் தகர உறைக்குள் மூடிக் கிடக்கிறது. முனிக்கு உட்கார இடமில்லை. அன்றிலிருந்து அவர் எங்கே போனார் என்று எவருக்கும் தெரியவில்லை.

"இப்ப அதே சக்கரத்துல தலையோட வந்து நிக்கிறாரு. நாங்க என்னங்க செய்ய? கண்ணை மூடிக்கிட்டுப் போக முடியுமா?"

"நான் செஞ்சதுய்யா அது!" என்றார் அருளப்பன்.

"நீங்கதான் செஞ்சீங்க. வந்து ஒக்காந்தது அவரு."

அருளப்பன் வேறு துணி எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

அன்று முழுக்க ஆணி அடித்தேன். கரடி, பன்றி, கேளையாடு என்கிற சிறு மான், மரநாய், தேவாங்கு, பறவைகள் எல்லாம் பெட்டிக்குள் போயின. இடையிடையே யாராவது வந்து, வெறுமனே இந்தப் பக்கம் போவதுபோல் போய், ஒரு பூவைப் போட்டுவிட்டுப் போனார்கள். அருளப்பன் பின்னாலேயே போய்ப் பொறுக்கினார். வீட்டில் பிலோமினா, "ஒரு அலமாரி செஞ்சு தாங்கன்னு கல்யாணம் ஆன நாள்ல இருந்து கேக்கறேன். அது செய்ய வரல. சாமி செய்ய வருது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அருளப்பன் கோட்டு மாட்டிக்கொண்டு தயாரானார். அம்மையார் வரவில்லை. வெயில் ஏறிய பிறகு ஸ்டோருக்கு டெலிபோன் வந்தது: வழியில் கினிகத்தேனையில் கார் நின்றுவிட்டது, அங்கே ஒரு கடையில் உட்கார்ந்திருக்கிறார். அருளப்பன் தோட்டத்து லாரியைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு அவரை அழைத்துவரக் கிளம்பினார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் காவல். ஒரு பூவு விழக்கூடாது" என்றார்.

நான் ஒரு ஸ்டூலைப் போட்டு வாசலில் உட்கார்ந்தேன். பூ ஒன்றும் விழவில்லை. தப்பு மேளம் அடித்துக்கொண்டு தோட்டமே வந்துவிட்டது. முன்னால் பூசாரி; அவர் பின்னால் மஞ்சள் தண்ணீர்க் குடங்களுடன் பெண்கள்; ராக்கம்மா கக்கத்தில் ஒரு சேவல்.

"தள்ளுங்க மியூசியம் ஐயா. சாமிக்குக் குளிப்பாட்டணும்."

"தண்ணீர் மட்டும் வேண்டாம்! தோல் நனைந்தால் கெட்டுவிடும்" என்று எழுந்து நின்று கையை விரித்தேன்.

"காட்டுல மழையில நனைஞ்ச புலிதானே?" என்றார் ராக்கம்மா. "அப்பக் கெடாத தோலு இப்பக் கெட்டுருமா?"

விஞ்ஞான ரீதியாக இதற்குப் பதில் உண்டு. உயிருள்ள தோலுக்கும் பதப்படுத்திய தோலுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் விளக்க ஆரம்பித்தேன். தப்புச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. விளக்கம் பாதியில் இருக்கும்போதே முதல் குடம் சிறுத்தையின் தலையில் கவிழ்ந்தது.

தண்ணீர் மஞ்சளாக இறங்கியது. கீழே விழும்போது கறுப்பாக இருந்தது. இரண்டாவது குடத்துக்கு மை கரைந்ததுபோல் ஓடியது. மூன்றாவது குடம் ஊற்றியதும் கருஞ்சிறுத்தையின் நெற்றியில் ஒரு புள்ளி தெரிந்தது. பிறகு கன்னத்தில், பிறகு காதோரம். தப்புச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. சக்கரத்திலிருந்து எங்களைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது பழுப்பு நிறத்தில், புள்ளி புள்ளியாக, ஒரு சாதாரணச் சிறுத்தை.

ராக்கம்மா கிட்டே போய்க் காதை விரலால் தேய்த்து, விரலைப் பார்த்தார்.

"அடி ஆத்தி! சாயம்! அந்தத் தொரை புலிக்கே சாயம் பூசி வச்சிருக்கான்!"

ஒரு கணம்தான். பிறகு எழுந்த சிரிப்பில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. "நம்மளைத்தான் ஏமாத்தினான்னு நெனச்சேன், புலியையும் விடலையே!" என்று ஒருவர். "கறுப்புப் புலி சுட்டேன், கறுப்புப் புலி சுட்டேன்னு பங்களாவுல விருந்து வச்சானே, எத்தனை பாட்டில் போச்சு!" என்று இன்னொருவர். நான் பீடத்தில் நின்ற தலையில்லாத உடம்பிடம் போய், கைக்குட்டையை நனைத்துத் தேய்த்தேன். அங்கேயும் புள்ளிதான். எங்கள் காட்சிசாலையில் இப்படிச் சிறுத்தை ஏற்கனவே இரண்டு இருக்கின்றன. பிரின்சிபாலின் முகம் ஒரு தரம் மனதில் வந்து போனது. ஆனாலும் ஒரு பாரம் குறைந்தது. இனி இந்தத் தலைக்கு நான் உரிமை கேட்கப் போவதில்லை.

"இதற்குப் பிறகுமா இது சாமி?" என்று பூசாரியைக் கேட்டேன்.

"இப்பத்தாங்க நம்ம சாமி" என்றார். "இத்தனை நாளா தொரை பூசின பூச்சுல இருந்தாரு. இப்பப் பாருங்க, நம்ம ஆளு மாதிரி இருக்காரு."

பூசாரி கரடியின் கையில் மறுபடி ஒரு சுருட்டைச் செருகிவிட்டு, சேவலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்த வேளையில் லாரி வந்து நின்றது. அருளப்பன் குதித்து இறங்கினார். கொட்டகையைப் பார்த்தார். மஞ்சளும் கறுப்புமாக ஓடும் தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை.

அவர் பின்னால் கொழும்புப் பெண்மணி இறங்கினார். கண்ணாடி போட்டவர், சேலை முழுக்க லாரிப் புழுதி. கூட்டம் வழி விட்டது. சக்கரத்தின் முன்னால் போய் நின்றார். பிறகு ஆங்கிலத்தில் கேட்டார்: "கறுப்பு கரைந்து புள்ளி தெரியும்படி வைத்தீர்களே, அந்த யோசனை எப்படி வந்தது?"

அருளப்பன் கோட்டுப் புழுதியைத் தட்டினார்.

"அந்தச் சுருட்டு, அபாரம். அதை எடுத்துவிடாதீர்கள்" என்றார் அம்மையார். தன் கண்காட்சியின் நடு மண்டபத்தில் இதைத்தான் வைக்கப் போவதாகவும், புதன்கிழமை லாரி அனுப்புவதாகவும் சொன்னார். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ சொல்லி, இதைச் செய்தவருக்கு எல்லோரும் கை தட்டும்படி சைகை காட்டினார்.

எவரும் கை தட்டவில்லை. லாரி என்ற வார்த்தை எல்லோருக்கும் புரிந்திருந்தது.

"எங்கங்க கொண்டு போறாங்க?" என்றார் பூசாரி.

"கொழும்புக்கு" என்றார் அருளப்பன்.

"அவரைக் கேட்டாச்சா?"

"யாரைக் கேக்கணும்? நான்தான்யா செஞ்சேன்! என் கையால செஞ்சேன்! நான் எங்க வேணும்னாலும் கொண்டு போவேன்!"

பதில் சொன்னவர் ராக்கம்மா. கோபமில்லாமல்தான் சொன்னார். "நீங்கதாங்க செஞ்சீங்க, யாரு இல்லேன்னா? எம் மகளை நான்தான் பெத்தேன். பெத்தவ நான்னு சொல்லி, அவளைக் கேக்காம லாரியில ஏத்திற முடியுமா?"

அம்மையாருக்கு இதையெல்லாம் நான் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அப்படியானால் கேளுங்கள்" என்றார்.

பூக்கட்டிக் கேட்பதென்று முடிவானது. வெள்ளைப் பூ வந்தால் கொழும்பு. சிவப்புப் பூ வந்தால் இங்கேயே. எந்தப் பக்கமும் சாராத ஆள் எடுக்க வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பொட்டலம் கட்டுவதில் எனக்குப் பழக்கம் உண்டு. ஒரே அளவு இலை, ஒரே மடிப்பு, ஒரே நூல் என்று நானே கட்டினேன். செம்பருத்தி பெரிதாக இருந்தது. ஓர் இதழ் மட்டும் வைத்தேன். வெள்ளைக்கும் ஓர் இதழ். பூசாரி இரண்டையும் குலுக்கிச் சக்கரத்தின் அடியில் வீசினார். அருளப்பன் முழங்காலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு குனிந்து எடுத்தேன். வெள்ளை வரவேண்டும் என்று, விஞ்ஞானத்துக்கு விரோதமாக, மனதார வேண்டிக்கொண்டுதான் பிரித்தேன்.

சிவப்பு.

பெண்கள் குலவையிட்டார்கள். அருளப்பன் எழுந்து கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். அம்மையார் அவர் பின்னால் போய், புதன்கிழமைக்குள் வேறொன்று செய்து தந்தால் அதே இடத்தில் வைப்பதாகச் சொன்னார். அவர் நின்றுகூடக் கேட்கவில்லை. "எதை வச்சுச் செய்ய? எல்லாத்தையும் அவருதான் பெட்டியில போட்டு ஆணி அடிச்சாச்சே" என்று என்னைக் காட்டிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் எனக்கு ரொட்டி மட்டும் வந்தது. சீனி வரவில்லை. பிலோமினா சுவரைப் பார்த்துச் சொன்னார்: "சில பேருக்கு எல்லாத்தையும் பெட்டியில போட்டுப் பூட்டினாத்தான் நிம்மதி."

திங்கட்கிழமை காலையில் எழுந்து நேராகக் கொட்டகைக்குப் போய், அடித்த ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தேன். எங்கள் காட்சிசாலையில் ஒரு விதி உண்டு: சேதமான உருப்படிகளை ஏற்கக் கூடாது, ஏற்பதா இல்லையா என்று தீர்மானிப்பது பொறுப்பாளன். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். கரடிக்கு இரண்டு கையும் ஏற்கனவே இல்லை, காதில் பூச்சி. காட்டுப்பன்றிக்கு ஒரு கண் கண்ணாடி, மற்றொன்று கோட்டுப் பொத்தான். கேளையாட்டின் வயிற்றில் எலி குடித்தனம். மரநாய்க்கு வால் வேறொரு மிருகத்துடையது. ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனால் சனிக்கிழமை இதே உருப்படிகளைப் பார்த்தபோது இவ்வளவு குறை என் கண்ணில் படவில்லை. பறவைகளிலும் தேவாங்கிலும் எவ்வளவு தேடியும் குறை கிடைக்கவில்லை. அவற்றை மட்டும் திரும்பப் பெட்டியில் வைத்தேன்.

அருளப்பனைக் கூப்பிட்டு, "இவை கல்லூரிக்கு உதவாது. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளும்" என்றேன்.

அவர் பன்றியின் பொத்தான் கண்ணைத் திருகிப் பார்த்தார். பிறகு, "உங்ககிட்ட மூணு தடிப்புல கம்பி இருக்குன்னு சொன்னீங்களே?" என்றார்.

செவ்வாய்க்கிழமையும் வேலைதான். ஏற்றுமதிக்கு நிற்கும் தேயிலைப் பெட்டிகளைப் போல, உடைந்த பெட்டிகளைக் கொண்டு வந்து அடுக்கினார். பலகையைப் பிளந்துகொண்டு ஒரு பெட்டியிலிருந்து பன்றியின் முகம். ஒன்றிலிருந்து கேளையாட்டின் பின்னங்கால்கள். உச்சியில் கையில்லாத கரடி இடுப்பளவு எழுந்து நின்றது. கம்பி வளைக்கும் வேலை என்னுடையது.

"கரடி இப்படி நிற்காது. முதுகெலும்பு இந்த இடத்தில் வளையாது" என்றேன்.

"இது கரடி இல்லீங்க."

"பின்னே?"

"இந்தியாவுக்குக் கப்பலேத்தி அனுப்பப் போற எங்காளு ஒருத்தன்."

"அவனுக்கும் முதுகெலும்பு அங்கே வளையாது."

"பெட்டிக்குள்ள போட்டு ஆணி அடிச்சா எங்கயும் வளையுங்க" என்றார். நான் கம்பியை வளைத்தேன். வளைத்த பிறகு பார்த்தால் அதுவே சரியாக இருந்தது. அன்று ரொட்டியோடு சீனியும் வந்தது. பிலோமினாவே அள்ளி வைத்தார்.

புதன்கிழமை லாரி வந்தது. சிற்பத்துக்கு 'ஏற்றுமதி' என்று பெயர். என் கண்ணுக்கு முதலாவதைவிட இது ஒழுங்காகவும், தெளிவாகவும், கம்பி வேலை சுத்தமாகவும் இருந்தது. ஆனால் ஏற்றுவதற்கு முன்னால் தோட்டம் மறுபடியும் கூடிவிட்டது. இந்தத் தடவை தப்பு இல்லை, குடம் இல்லை. பூசாரி மட்டும் முன்னால் வந்தார்.

அருளப்பன் கைகளைக் கட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். "மறுபடியும் ஆரம்பிச்சிராதீங்க பூசாரி. இது போயே ஆகணும். இதை விட்டா எனக்கு வேற இல்ல."

பூசாரி சிற்பத்தைச் சுற்றி வந்தார். கரடியை அண்ணாந்து பார்த்தார். பன்றியின் முன்னால் குனிந்து காது கொடுத்தார். ஒரு பெட்டியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். முகர்ந்து பார்த்து, அந்துருண்டை வாசனையில் தும்மினார். பிறகு நிமிர்ந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"இதுல யாரும் இல்ல. தாராளமாக் கொண்டு போகலாம்."

கூட்டம் கலைந்தது. பெண்கள் கூடைகளை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினார்கள். லாரிக்காரர் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கயிறு எடுக்கப் போனார். வாழ்நாளில் முதல் தடவையாக அருளப்பனின் கை வேலை கொழும்புக்குப் போகிறது. நான் வாழ்த்துச் சொல்லக் கையை நீட்டினேன். அவர் என் கையைக் கவனிக்கவில்லை. பூசாரி போகும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தவர், இரண்டே எட்டில் ஓடிப்போய் அவர் தோளைத் தொட்டார்.

"பூசாரி, நல்லாப் பாத்தீங்களா? கரடிக்குப் பின்னால பாக்கலையே நீங்க. அந்தப் பக்கம் ஒரு தரம் வந்து பாருங்களேன்."